கத்தரிக்காய் மாடு

நான் சின்யோரா என்று கூப்பிட்ட அம்மாவின் வீடு பலேர்மோவில் ஒரேத்தோப் பக்கம், பழைய கட்டடம் ஒன்றின் மூன்றாம் மாடியில் இருந்தது. நான் இருக்கிற சீசாப் பகுதியிலிருந்து இரண்டு பஸ் மாறிப் போவேன். அதற்கு முன் நான் வேலை செய்த வீடுகளில் எல்லாரும் என்னை "நீ" என்றுதான் சொன்னார்கள், பள்ளிக்கூடம் போகிற பிள்ளைகள்கூட. இவர் முதல் நாளே "நீங்கள்" என்றார். எனக்குப் பின்னால் வேறு யாரோ நிற்கிறார்களாக்கும் என்று திரும்பிப் பார்த்தேன்.

அவர் ஜப்பான்காரி. கப்பலில் வேலை பார்த்த பலேர்மோக்காரர் ஒருவரைக் கட்டிக்கொண்டு இளம் வயதில் இங்கே வந்தவர். கணவர் இறந்து வெகுகாலம். ஒரே மகன் வடக்கே, தூரத்துத் தொரீனோவில் இருந்தார். தாயைத் தனியே விடப் பயந்து அவர்தான் என்னை வேலைக்கு வைத்தார்.

நான் ஐந்தாம் வகுப்புவரை படித்தவள். ஜப்பானைப் பற்றி எனக்குத் தெரிந்ததெல்லாம் சாமான்களால் தெரிந்தது. எங்கள் பக்கத்தில் ஒரு ரேடியோ நன்றாகப் பாடினால், ஒரு தையல் மெஷின் உடையாமல் ஓடினால், "ஜப்பான் சாமான்" என்பார்கள். வேலை கிடைத்ததும் என் மகள் போனில் ஏதேதோ வீடியோக்களைப் பார்த்துவிட்டு எனக்குப் புத்தி சொன்னாள்.

"அம்மா, கவனம். அவையள் நிமிசம் பிசகாமல் நடக்கிறவை. ஒரு தூசி கிடந்தாலும் பிடிக்காதாம். கோவம் வந்தாலும் முகத்திலை காட்டாயினமாம்."

நான் பயந்துகொண்டு போனேன். போனால், சின்யோரா வெறுங்காலோடு பால்கனியில் நின்று, வாசலை மறித்துக் காரை விட்ட ஒருவனைச் சிசிலிப் பேச்சில் திட்டிக்கொண்டிருந்தார். குசினித் தொட்டியில் கோப்பைகள் குவிந்து கிடந்தன. எனக்கு நெஞ்சு ஆறியது.

நாங்கள் இருவரும் பேசிக்கொண்டது உடைந்த இத்தாலியனில். அவருடையது என்னுடையதைவிட எவ்வளவோ திறம். ஆனால் அவர் சொன்னவை என் மனத்தில் என்னுடைய பேச்சாகவே தங்கிவிட்டன. அப்படியே எழுதுகிறேன்.

மூலையில் மரக்கறி விற்கிறவர் அவரைச் சீனாக்காரி என்பார், என்னைச் சிங்களத்தி என்பார். சீனாக்காரியும் சிங்களத்தியும் வந்தாயிற்று என்று கடைக்குள் பார்த்துச் சத்தமாகச் சொல்வார், அன்பாகத்தான். நான் இந்த ஊருக்கு வந்த காலம் தொட்டு எல்லாருக்கும் நான் அப்படித்தான். ஒருநாள் பையைத் தூக்கிக்கொண்டு திரும்பும்போது கேட்டேன்.

"உங்களுக்குக் கோவம் வாறேல்லையோ, சின்யோரா?"

"முந்தி வந்தது. இப்ப தக்காளியை நல்லதாய்ப் பொறுக்கித் தந்தால் காணும். உங்களுக்கு?"

"நான் கதைக்கிறேல்லை."

"அதுதான் அவன் உங்களுக்கு அழுகின வெண்காயம் தாறான்" என்றார்.

அவர் வீட்டுக் கூடத்தில் கறுப்பு மரத்தில் சின்ன அலுமாரி ஒன்று இருந்தது. கதவைத் திறந்தால் உள்ளே அவருடைய தாயின் படம், ஒரு கிண்ணம், ஒரு சின்ன வெண்கல மணி. காலையில் சோறு வெந்ததும் முதல் பிடி அங்கேதான் போகும். முதல் தேத்தண்ணியும் அங்கேதான். எனக்கு அதை யாரும் சொல்லித்தர வேண்டியிருக்கவில்லை. செருப்பைக் கழற்றிவிட்டு அந்தப் பக்கம் போவேன். அவர் அதைக் கண்டார். அதற்குப் பிறகு அலுமாரியைத் துடைக்கிற வேலையை என்னிடம் விட்டார்.

தாய்க்கு அவர் கும்பிடும்போது குரல் மாறும். மெல்லிய குரல், சின்னப் பிள்ளையின் குரல். அதைக் கேட்டால், வீட்டில் மூன்றாவது ஆள் ஒருவர் இருக்கிறார், நான்தான் பார்க்காமல் வேலை செய்கிறேன் என்று தோன்றும்.

ஒருநாள் என்னுடைய குடியிருப்புக் காகிதத்துக்காகக் குவெஸ்தூராப் பொலிஸ் கந்தோருக்குப் போய்வந்து, கைரேகை எடுத்த மையைக் கழுவிக்கொண்டிருந்தேன். பார்த்துவிட்டு அவர் தன் கதையைச் சொன்னார். மகன் பிறந்தபின் இத்தாலிக் குடியுரிமைக் காகிதம் எடுத்தாராம். அதை எடுத்தால் ஜப்பான் காகிதம் போய்விடும், இரண்டும் வைத்திருக்க அங்கே விடமாட்டார்கள். கடைசியாகத் தமையன் செத்தவீட்டுக்குப் போனபோது விமான நிலையத்தில் அவரை வெளிநாட்டார் வரிசையில் விட்டார்கள். மெஷினில் விரலை வைக்கச் சொன்னார்கள்.

"எனக்கு முன்னாலை ஒரு வெள்ளைக்காரப் பெடியன் நிண்டவன். அவனுக்கு ஒண்டும் விளங்கேல்லை. நான்தான் அவனுக்கு மெஷின் சொல்லுறதைச் சொல்லிக் குடுத்தன்" என்றார். பிறகு என் விரல்களைப் பார்த்தார். "உங்களுக்கு இஞ்சை எடுத்தவை. எனக்கு அங்கை எடுத்தவை."

தேத்தண்ணி வைத்தேன்.

இன்னொரு நாள் கண் டாக்டரிடம் போய்விட்டுப் பெரிய மாதா கோயில் பக்கமாக வந்தோம். இரண்டு ஜப்பான் பெட்டையள் போனில் வரைபடத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டு நின்றார்கள். ஒருத்திக்குத் தலைமயிர் ஊதா நிறம். சின்யோரா என் கையை விட்டுவிட்டு அவர்களிடம் போனார். அவர் நடையே மாறிவிட்டது, முழங்காலைச் சேர்த்துச் சின்னச் சின்னதாக வைத்து. ஏதோ கேட்டார். அவர்கள் வாயைப் பொத்திக்கொண்டு வியந்தார்கள், குனிந்தார்கள், இவரும் குனிந்தார். சந்தோசமாகக் கதைக்கிறார்கள் என்று நான் தூணருகில் ஒதுங்கி நின்றேன்.

பஸ்ஸில் ஏறி இருந்தபின்தான் சொன்னார்.

"நான் நல்லாய் ஜப்பான் மொழி கதைக்கிறனாம். பழைய படத்திலை வாறவை மாதிரிக் கதைக்கிறனாம். எங்கை படிச்சனீங்கள் எண்டு கேட்டினம்."

"நீங்கள் என்ன சொன்னீங்கள்?"

"பலேர்மோவிலை எண்டு சொன்னன்."

சொல்லிவிட்டுச் சிரித்தார். பஸ் இரண்டு தரிப்பிடம் போனது. பிறகு, "அவையிலை பிழையில்லை. அங்கை இருக்கிறவைதான் மாறுவினம். நான் பெட்டியிலை மடிச்சு வைச்ச பட்டு. மடிப்பிலைதான் முதல் கிழியும்" என்றார்.

அந்த வருடம் இளவேனிலில் ஜப்பானிலிருந்து அவருடைய தமையன் மகன் போனில் வந்தார். அவருக்கே அறுபது தாண்டியிருக்கும். ஊரில் மலையடியில் அவர்களுடைய குடும்பக் கல்லறை இருந்தது. ஒரு கல், அதன் கீழே எல்லாருடைய எலும்புச் சாம்பலும் சாடி சாடியாக. அதை மூடப் போகிறாராம். அவருக்கு இரண்டு பெண்பிள்ளைகள், இருவரும் தூரத்து நகரத்தில். புல்லுப் பிடுங்க, தண்ணி ஊற்ற ஆளில்லை. அவருக்கோ மலை ஏற ஏலாது. அங்கே இப்போது எத்தனையோ குடும்பங்கள் அப்படித்தான் செய்கின்றனவாம். கல்லை எடுத்துவிட்டு, சாடிகளை நகரத்தில் மாடிக் கட்டடம் ஒன்றுக்குக் கொண்டுபோவார்கள். அங்கே அட்டையைக் காட்டினால் மெஷின் பெட்டியை முன்னால் கொண்டுவந்து வைக்குமாம். கும்பிட்டு முடிய அது தானே உள்ளே போய்விடும்.

சின்யோராவுக்கு அதில் ஒரு சங்கடம் இருந்தது. அவருடைய தாய், தன் சாடிக்குப் பக்கத்தில் இந்த மகளுக்கு ஒரு இடம் விட்டுவைக்கச் சொல்லிவிட்டுத்தான் கண்ணை மூடினார். காகிதம் போனாலும் அந்த இடம் இருந்தது. தன்னை எரித்து அங்கே கொண்டுபோய் வைக்க வேண்டும் என்று மகனிடம் எப்போதோ சொல்லிவைத்திருந்தார். புதுக் கட்டடத்தில் பெட்டிக்கு அளவு உண்டு. இருக்கிற சாடிகளுக்கே அது காணாது.

ஆனாலும் அந்த மருமகன் நல்ல மனிசன். மாமி ஓம் என்று சொல்லாமல் கல்லைத் தொடமாட்டேன் என்றார். இவர் ஓம் என்றும் சொல்லவில்லை, இல்லை என்றும் சொல்லவில்லை. ஆவணி மாதத்தில் செத்தவர்கள் வீட்டுக்கு வந்துபோகிற நாட்கள் வரும், அது முடியச் சொல்கிறேன் என்றார். தாய் வந்து இதைக் கேட்டுக்கொண்டு போகட்டும் என்ற மாதிரி.

அந்த நாட்கள் இங்கே ஃபெர்ராகோஸ்தோ விடுமுறையோடுதான் வருகின்றன. ஊர் முழுக்கக் கடலுக்குப் போய்விடும். கடைகள் பூட்டு. மரக்கறிக்காரரும் கடற்கரையில், ஸ்ஃபெர்ராகவால்லோவில் தங்கச்சி வீட்டுக்குப் போய்விட்டார். கட்டடத்தில் எங்களைத் தவிர யாரும் இல்லை. நான் சின்யோராவோடு தங்கினேன். ஆபிரிக்காவிலிருந்து சூட்டுக்காற்று வீசியது. யன்னல் சட்டங்களை இறுக்கி மூடிவிட்டு, இருட்டுக்குள் பகலைக் கழித்தோம்.

அப்படி ஒரு காலையில் குசினி யன்னல் விளிம்பில் நான் வாங்கிவைத்த நீளக் கத்தரிக்காய் நின்றது. நான்கு பல்லுக்குச்சிகளில் நின்றது. பக்கத்தில் ஒரு கெக்கரிக்காயும் அப்படியே, அது வெயிலில் சுருங்கி ஒரு பக்கம் சாய்ந்திருந்தது.

சின்யோராதான் இதைச் செய்திருக்க வேண்டும். வயதானவர்களைப் பார்த்துப் பழகியவள் நான். ஒரு வீட்டில் சின்யோரா ஒருவர் சப்பாத்தைக் குளிர்பெட்டிக்குள் வைப்பார். இன்னொருவர் கரண்டிகளைப் படுக்கையில் படுக்கவைத்துப் போர்த்துவிடுவார். மறதி நோயின் தொடக்கம் இப்படித்தான் இருக்கும். அப்படியானவற்றைக் கண்டால் கேட்கக் கூடாது, சிரிக்கக் கூடாது, கண்டதாகவும் காட்டக் கூடாது. சத்தமில்லாமல் எடுத்துவைத்துவிட வேண்டும். குச்சிகளை உருவிக் கழுவிப் போட்டேன். கெக்கரிக்காயைக் குப்பைக்குள் விட்டேன். கத்தரிக்காயை வெட்டிப் பொரித்துக் குழம்பு வைத்தேன்.

மத்தியானம் சின்யோரா ருசித்துச் சாப்பிட்டார். என் கையால் வைத்த குழம்பு அவருக்குப் பிடிக்கும், உறைப்பு மட்டும் குறைக்க வேண்டும். இரண்டாம் முறை போட்டுக்கொள்ளும்போது கரண்டி நின்றது.

"கடையள் பூட்டெல்லோ. கத்தரிக்காய் எங்காலை?"

நான் யன்னலைப் பார்த்தேன். அவரும் பார்த்தார். எழுந்து போய் வெறும் விளிம்பைத் தடவிவிட்டு வந்து இருந்தார்.

"அது மாடு" என்றார்.

எனக்கு விளங்கவில்லை.

"கெக்கரிக்காய் குதிரை. செத்தவை அதிலை ஏறிக் கெதியாய் வருவினம். கத்தரிக்காய் மாடு. போகேக்கை அதிலைதான் போறவை, மெல்ல மெல்ல. விட்டுப் போக மனமில்லாமல். அது அம்மாவின்ரை மாடு."

"சின்யோரா, நான் மாடு தின்னாத ஆள்" என்றேன். அவர் கையால் வாயை மறைத்தார். தோள் குலுங்கியது. அழுகிறார் என்று பயந்து எழுந்தேன். சிரித்துக்கொண்டிருந்தார்.

குடையைப் பிடித்துக்கொண்டு உச்சி வெயிலில் இறங்கிப் போனேன். தெரு தெருவாகப் பார்த்தேன். எல்லாக் கடைக்கும் இரும்புக் கதவு. ஒரு மூலையில் மூன்று சில்லு வண்டி ஒன்று நின்றது, அதிலும் முலாம்பழம்தான். வெறுங்கையோடு, வேர்த்து ஒழுகத் திரும்பி வந்தேன்.

கூடத்தில் சின்யோரா அலுமாரிக்கு எதிரே பிரப்பங் கதிரை ஒன்றைப் போட்டிருந்தார். விருந்தாளிக்கு வைக்கிற செருப்புச் சோடியைக் கதிரைக் காலடியில் வைத்திருந்தார். முன்னால் ஒரு கிண்ணம் தேத்தண்ணி.

"கிடைக்கேல்லை" என்றேன்.

"பரவாயில்லை. இருக்கட்டும்."

"வேறை எதிலாவது ஏறிப் போகேலாதோ?"

"எங்கை போறது?" என்றார். "கல்லை எடுக்கப் போகினம். மாட்டிலை ஏறிப்போய் அங்கை நிலம் வெறுமையாய்க் கிடந்தால் அம்மா என்ன செய்வா? அந்தக் கட்டடத்துக்குள்ளை போய் அட்டைக்காகக் காத்துக்கொண்டு இருப்பாவோ? இஞ்சையே இருக்கட்டும்."

அன்று பின்னேரம் முழுக்க நான் அந்தக் கதிரையைப் பார்க்காமல் பார்த்துக்கொண்டிருந்தேன். யன்னல் சட்டத்தால் வந்த வெயில்கோடு கதிரையில் ஏறி இறங்கியது. பிரம்பு இடைக்கிடை முறுகிச் சத்தம் போட்டது. சூட்டுக்கு அப்படித்தான், எனக்குத் தெரியும். கிண்ணத்தில் தேத்தண்ணி குறைந்திருந்தது. அதுவும் சூட்டுக்குத்தான். சின்யோரா அந்தச் சின்னப்பிள்ளைக் குரலில் ஏதோ சொல்வார், பொறுத்திருப்பார், பிறகு தலையாட்டுவார். அந்தப் பொறுத்திருக்கிற நேரம்தான் எனக்குப் பயமாக இருந்தது.

எனக்கு ஒரு அண்ணன் இருந்தார். சண்டைக் காலத்தில் ஒருநாள் சைக்கிளில் போனவர் திரும்பவில்லை. அம்மா கடைசிவரை அவருக்குத் திவசம் செய்ய விடவில்லை, வருவான் என்றே இருந்தார். அதனால் அவர் இருக்கிறவரும் இல்லை, செத்தவரும் இல்லை. ஆடி அமாவாசைக்கு அப்பாவுக்குப் படைக்கும்போது இலையின் ஓரத்தில் இன்னொரு பிடி சோறு வைப்பேன். யாருக்கென்று வாயால் சொல்வதில்லை. இங்கே காகம் வராது, புறாதான் தின்னும். அந்தக் கதிரையைப் பார்த்தபோது, அண்ணனுக்கு வர ஒரு குதிரையும் இல்லை, போக ஒரு மாடும் இல்லை என்று நினைத்தேன்.

நாட்கள் முடிந்ததும் மருமகன் போனில் வந்தார். சின்யோராவின் கை நடுங்கும், அதனால் போனை நான்தான் பிடித்துக்கொண்டிருந்தேன். முகத்தைத் திருப்பிக்கொண்டேன், ஆனால் சத்தம் கேட்டது. அவர் மெதுவாகக் கேட்டார். இவர் நீளமாகச் சொன்னார். இடையில் இருவரும் சிரித்தார்கள். பிறகு ஒரு சொல் சொன்னார். அதற்குள் அந்த மொழியில் எனக்கு ஓம் என்ற சொல் தெரிந்திருந்தது.

திரும்பிப் பார்த்தேன். திரையில் முகம் இல்லை. மருமகன் குனிந்திருந்தார். உச்சந்தலை மட்டும் தெரிந்தது, நரைத்த மயிரும் நடுவில் வழுக்கையும். அப்படியே இருந்தது, நிமிரவே இல்லை. போன் பழுதாகி நின்றுவிட்டதோ என்று நினைத்தேன்.

பிறகு கேட்டேன், என்ன சொன்னீர்கள் என்று.

"எடுக்கச் சொன்னன். அம்மா அங்கை இல்லை, இஞ்சை எண்டு சொன்னன். மாட்டை நாங்கள் சாப்பிட்டதையும் சொன்னன்." பிறகு, "அவன்ரை பிள்ளையளுக்குக் கத்தரிக்காய் மாடு தெரியாதாம். கடையிலை வைக்கோலாலை செய்து பெட்டியிலை விக்கினமாம், அதை வாங்கி வைக்கிறவையாம். எங்கடை மாடுதான் ருசியான மாடு எண்டு சொன்னன்."

"அப்ப உங்கடை இடம்?" என்று கேட்டேன். நான் அப்படி நேரே கேட்கிற ஆள் இல்லை.

"அவர் படுத்திருக்கிற இடத்திலை இடம் இருக்கு" என்றார். கணவரைச் சொன்னார்.

ஒரு நாட்டுக்காரர் என்றால் என்ன என்று சின்யோராவைப் பார்த்து எனக்குத் தெளியவில்லை, குழம்பியதுதான் மிச்சம். காகிதம் அவரை இத்தாலிக்காரி என்றது. மரக்கறிக்காரர் சீனாக்காரி என்றார். அந்த ஊதா மயிர்ப் பெட்டை, மொழியை நன்றாகப் படித்திருக்கிறீர்கள் என்றாள். ஜப்பான் காகிதம் வைத்திருக்கிற மருமகனின் பிள்ளைகளுக்கு மாடு தெரியாது. எனக்குத் தெரிந்த ஜப்பான் ஒரேத்தோவில் ஒரு கூடம், அதற்குள் ஒரு கதிரை. அதை நாடு என்று சொல்லலாமோ என்று படித்தவர்கள்தான் சொல்ல வேண்டும்.

அடுத்த பங்குனியில் சின்யோரா போய்விட்டார். மகன் வந்து எரிக்காமல் புதைத்தார், தகப்பனுக்குப் பக்கத்தில், தெற்கே மலையடிச் சவக்காலையில். வீட்டைக் காலி செய்யும்போது அலுமாரியை என்ன செய்வதென்று அவருக்குத் தெரியவில்லை. சின்ன வயதில் அதைத் தொட்டால் ஏச்சு விழும் என்பது மட்டும்தான் அவருக்கு ஞாபகம். எனக்கு வேண்டுமா என்று கேட்டார். வேண்டும் என்று சொன்னேன்.

எங்கள் வீட்டுக் கதவைத் திறந்த மகள் அலுமாரியைக் கண்டு அப்படியே நின்றாள்.

"அம்மா, ஆற்றையோ வீட்டுப் பேயை எல்லாம் என்னத்துக்கு இஞ்சை தூக்கிக்கொண்டு வாறீங்கள்?"

"பேய் இல்லை. வயசான மனிசி."

"அவவுக்குத் தமிழ் தெரியுமே?"

"எனக்கும் அவவின்ரை மொழி தெரியாது" என்றேன்.

சாமிப் படங்களுக்குக் கீழே, ஓரமாக வைத்தேன். காலையில் முதல் பிடி சோறு வைக்கிறேன். படம் சின்யோராவின் தாய் இளமையில் எடுத்தது, அதில் அவர் என் வயதைவிடக் குறைந்தவர். நான் முதுகைத் திருப்பினால் பார்க்கிறார், திரும்பினால் நேரே பார்க்கிறார். மகளைத் தேடி இவ்வளவு தூரம் வந்து, நான் மாட்டைச் சமைத்ததால் போக முடியாமல் நின்று, கடைசியில் மகளும் இல்லாத வீட்டில், சீசாவில், யாரென்று தெரியாதவளின் சோற்றைத் தின்றுகொண்டிருக்கிறார். பத்து மணி பஸ்ஸுக்கு ஓடும்போதும் அந்த நினைப்பு என் பின்னால் வரும்.

இந்த ஆவணியில், கடைகள் பூட்டுவதற்கு முன்பே நீளக் கத்தரிக்காயாகப் பார்த்து ஒன்று வாங்கினேன். நான்கு குச்சிகளைக் குத்தி நிறுத்தினேன். முதல் தரம் விழுந்தது. காலை அகட்டி வைத்தேன், நின்றது. பால்கனிக்குக் கொண்டுபோய் எந்தப் பக்கம் முகத்தை வைப்பதென்று யோசித்தேன். ஜப்பான் எந்தத் திசை என்று மகளிடம் கேட்டால் போனில் காட்டுவாள். கேட்கவில்லை. அங்கே இப்போது கல் இல்லை. மாட்டின் முகத்தைத் தெற்கே, மலையடிப் பக்கம் திருப்பிவைத்தேன். மெல்லப் போனாலும் சின்யோராவிடம் பொழுதுபடப் போய்ச் சேர்ந்துவிடலாம்.

அலுமாரியைத் திறந்து, எனக்குத் தெரிந்த மொழியில், "போட்டு வாங்கோ" என்று வழியனுப்பினேன்.

பின்னேரம் மகள் குசினியிலிருந்து கூப்பிட்டாள்.

"அம்மா, நல்ல கத்தரிக்காய் ஒண்டு வெளியிலை காயுது. பொரிச்சுக் குழம்பு வைக்கட்டோ?"

"அதைத் தொடாதை, பிள்ளை. நாங்கள் மாடு சாப்பிடுறேல்லை."